சொர்ணத்தைச் சொன்னவர்கள்

சேர்மன் சொர்ணமணி அம்மாள் இறந்தது ஆடி மாசத்தில். ஆனால் அவர் சாத்தன்துறையை விட்டுப் போகத் தொடங்கியது அதற்குப் பதினாறாம் நாள், ஊர்க்காரர்கள் பேரூராட்சிக் கல்யாண மண்டபத்தில் கூடி, மாலை போட்ட படத்துக்கு முன்னால் மைக்கைத் தட்டிப் பார்த்து, அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்த சாயங்காலத்தில்தான்.

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற அந்த ஊருக்கு, சொர்ணமணி சின்ன வயசில் அரசாங்க நர்சாக ஒரு தகரப்பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். இறங்கினவர் பிறகு எங்கும் போகவில்லை. உப்பளத்துக் குடிசைகளிலும் மீன்காரத் தெருவிலும் பள்ளிவாசல் தெருவிலும் அவர் கை படாமல் பிறந்த பிள்ளைகள் குறைவு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கத் தெரியாமல் சுயேச்சையாகத் தேர்தலில் நின்று ஜெயித்தார். கால் முடியாமல் போகிற வரைக்கும் ஜெயித்துக்கொண்டே இருந்தார். குடிதண்ணீர்க் குழாய் அவர் கொண்டுவந்தது, சுடுகாட்டுப் பாதை அவர் போட்டது, சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருக்கிற பிரசவ அறை அவர் சண்டை போட்டு வாங்கியது. இதற்கு நடுவே ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த தவசிமுத்துவைக் கட்டிக்கொண்டு, ஒரு பெண்பிள்ளையும் பெற்றார். அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டியதும் சடை பின்னியதும் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் தவசிமுத்துதான்.

அந்தப் பிள்ளை பூங்கோதை. திருச்சியில் ரயில்வே ஆபீசில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அம்மாவைப் பற்றி அவளிடம் இருந்த ஞாபகங்கள் ஒரு கைப்பிடிக்கு மேல் வராது, அவற்றிலும் பாதியில் அம்மா வாசலை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். அதனால் மண்டபத்தில் முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஊரார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்க அவளுக்கு ஆசையாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

முதலில் பேசியது பழைய ஹெட்மாஸ்டர் ஞானதுரை. கடல் ஊருக்குள் வந்த புயல் வருஷத்தை அவர் சொன்னார். ரேஷன் கிட்டங்கியின் பூட்டை சொர்ணமணி கடப்பாரையால் உடைத்ததையும், நனைந்த அரிசியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து அண்டாவில் போட்டதையும், பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற தன் கையில் கரண்டியைத் திணித்து, "வாத்தியாரே, இன்னைக்கு இதுதான் பாடம், கிண்டுங்க" என்று சொன்னதையும் அவர் சொல்லச் சொல்ல, கூட்டம் சிரித்தது, சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சொல்லி முடித்த ஞானதுரையின் முகம், அலை வந்து திரும்பிப் போன மணல் போல வழுவழுவென்று ஆனது. அவர் மைக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேடையில் இருந்தவரிடம் குனிந்து, தன்னை எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள், தான் இனிமேல்தான் பேச வேண்டுமா என்று கேட்டார். வயசாகிவிட்டது என்று கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள்.

அந்த நேரத்தில் பூங்கோதையின் வலது உள்ளங்கை சுட்டது. கரண்டிக் காம்பின் சூடு. மூக்கில் நனைந்த சாக்கின் வாடை. அவளுக்கு எதிரே, இடுப்பளவு இருட்டுத் தண்ணீரிலிருந்து ஏறி வந்த அம்மா, நெற்றியில் முடி ஒட்டியிருக்க, நேராக அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நாளில் பூங்கோதை அப்பாவோடு மச்சுமேல் ஒரு போர்வைக்குள் இருந்தாள். அம்மாவை அன்றைக்கு அவள் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாகிவிட்டது.

அடுத்துப் பேசியவருக்கும் அப்படித்தான் ஆனது. அதற்கடுத்துப் பேசிய பெண்ணுக்கும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மனசில் அந்தப் பேச்சு, விடிந்த பிறகு சொப்பனம் நிற்கிற அளவுக்குக்கூட நிற்கவில்லை. ஏதோ ஒரு அம்மாள், ஏதோ ஒரு பூட்டு என்று அது கரைந்தது. கூட்டம் முடிவதற்குள் மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். இரங்கலுரைக்கு எழுந்த ஒருவர் வாயைத் திறந்துவிட்டு, மூடிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் தவசிமுத்துவை நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். எழுந்து, மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

முதல் வாரம் மைக் செட்டுக்காரனைக் குறை சொன்னார்கள். அப்புறம், மைக் இல்லாமல் வீட்டுக்குள்ளே பேசினவர்களுக்கும் அப்படியே ஆனது தெரிந்ததும், ஊர் அதைக் கடல் சீற்றத்தை ஏற்றுக்கொள்கிற மாதிரி ஏற்றுக்கொண்டு, அதற்குத் தகுந்தாற்போல் நடக்கப் பழகியது. சொர்ணம்மாவைப் பற்றி ஒன்றைச் சொன்னால் அது உன்னிடம் இருக்காது, அவர் மகளிடம் போய்விடும், இவ்வளவுதான் விஷயம். சலூனில் 'அரசியல் பேசாதீர்' பலகைக்குக் கீழே 'சேர்மன் அம்மா பேச்சும் பேசாதீர்' என்று இன்னொரு பலகை தொங்கியது. பிள்ளைகள் குழாயடியில் நின்று, இந்தக் குழாய் எப்படி வந்தது என்று கேட்டால், தாய்மார்கள் பிள்ளையின் வாயைப் பொத்திக் கூட்டிப்போனார்கள். காலையில் எழுந்ததும் பெண்கள் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், உதடு அசையாமல், தங்களிடம் இருக்கிற சொர்ணம்மாவை ஒருதரம் உள்ளுக்குள்ளே தடவிப் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் கடற்கரை ரோட்டில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நடக்கிற கிழவர்களைப் பார்த்து, வெளியூர் லாரிக்காரர்கள் இந்த ஊரில் எல்லோருக்கும் பல்வலியா என்று கேட்டார்கள்.

ஆனால் பத்திரப்படுத்துகிறவர்களை விட இறக்கிவைக்க நினைக்கிறவர்கள் அதிகம் என்பது சீக்கிரமே தெரிந்தது. நன்றி சிலருக்குக் கழுத்துவலி மாதிரி. பிள்ளையைப் பிழைக்கவைத்தார், பட்டா வாங்கித் தந்தார், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்தார் என்று ஆயுள் முழுக்க ஒருத்திக்குக் கடமைப்பட்டிருப்பதில் சலித்துப்போனவர்கள், சாயங்கால வேளைகளில் தலையைக் குனிந்துகொண்டு தவசிமுத்து வீட்டு வாசலுக்கு வந்தார்கள். திட்டு வாங்கியவர்களும் வந்தார்கள். கடற்கரைப் புறம்போக்கில் கட்டிய மீன் கொட்டகையைச் சொர்ணமணி இடித்துப்போட்டதை ஒருநாளும் மறக்காத கான்ட்ராக்டர் அருணாசலவடிவு காரில் வந்து, காரை விட்டு இறங்காமலே, கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு அதைச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது டிரைவரிடம், இந்தத் தெருவுக்கு எதற்கு வந்தோம் என்று கேட்டார்.

பூங்கோதை முன்னறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றில் அவள், எதிரில் சொல்ல வந்தவர். எதையும் அவள் கேட்டு வாங்கவில்லை, வந்ததை மறுக்கவும் இல்லை. திருச்சிக்குப் போன் பண்ணி லீவை நீட்டினாள், மறுபடி நீட்டினாள்.

பிச்சக்கனி என்ற வயசான மீன்காரி வந்து, தன் மூத்தவன் காலைத் திருப்பிக்கொண்டு பிறந்த கதையைச் சொன்னபோது, பிள்ளையே பெறாத பூங்கோதைக்கு இடுப்பெலும்பு இரண்டாகப் பிளந்தது. வேர்வை சொட்டச் சொட்ட அம்மாவின் முகம் மேலே கவிந்திருந்தது. "என்னையப் பாரு. வேற எங்கயும் பாக்காத. என்னையே பாரு" என்று அம்மா சொன்னாள், பூங்கோதை அவளையே பார்த்தாள். பிச்சக்கனி நாற்காலியிலிருந்து எழுந்து, கூடையைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்த வலி மட்டும் ஞாபகம் இருந்தது. வலியில் கூட இருந்த ஆள் ஞாபகத்தில் இல்லை. ஆள் இல்லாத அறையில் தானாகப் பெற்று, தானாகத் தொப்புள்கொடி அறுத்துக்கொண்டதாக அவள் மருமகளிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் ஏன் நடுங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்படிப்பட்ட பெண்கள் ஊரில் பெருகினார்கள். கதவு மூடின, விளக்கு எரிகிற, யாருமே இல்லாத அறைகளை அவர்கள் அடிக்கடி சொப்பனம் கண்டார்கள்.

பூங்கோதைக்கோ ஆள் நிறைந்துகொண்டே இருந்தாள். எல்லா ஞாபகத்திலும் அம்மா அவளைப் பார்த்தாள். அம்மை கண்ட பிள்ளையாக அவளைப் பார்த்தாள், புருஷன் அடித்துத் துரத்தின பெண்ணாக அவளைப் பார்த்தாள், பெஞ்சில் உட்கார்ந்து அழுகிற கிழவனாக அவளைப் பார்த்தாள். சிறுபிள்ளையில் இவள் காத்துக்கிடந்து கிடைக்காத அந்தப் பார்வை முழுவதும் இந்த வீடுகளுக்குத்தான் போயிருந்தது. அது இப்போது வீடு வீடாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. சில சமயம் கண்ணாடி முன்னால் தலை சீவும்போது, தன்னைத் தானே அந்த மாதிரிப் பார்த்துக்கொள்வதைக் கண்டு சீப்பை வைத்துவிடுவாள். நடையும் கொஞ்சம் மாறியிருந்தது. உப்பளத்து வரப்பில் நடந்து பழகின ஆள் போல, காலைப் பக்கவாட்டில் வைத்து நடந்தாள்.

வண்டிக்காரர் கந்தையா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. உப்பளத்தில் மாட்டுவண்டி ஓட்டினவர். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், நிறைமாதமாக இருந்த அவர் மனைவியை வண்டியில் போட்டுக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததையும், சொர்ணமணி வண்டிக்குப் பக்கத்திலேயே சேற்றில் ஓடிவந்ததையும், ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்ததையும், சாவி வருவதற்குள் வண்டியிலேயே இரண்டு உயிரும் போனதையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். அதற்கப்புறம் சொர்ணமணி கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்ததும், பிரசவத்துக்கென்று ஒரு அறை கட்டி, அந்தக் கதவுக்கு ஒருநாளும் பூட்டுப் போடக் கூடாது, ஆள் இல்லாவிட்டாலும் ஒரு விளக்கும் ஒரு நர்சும் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கினதும்கூடச் சொன்னார். சொல்லி முடித்ததும் கந்தையாவின் முதுகு நிமிர்ந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு பாட்டை முணுமுணுத்தபடி போனார். பூங்கோதை நாற்காலியிலேயே வெகுநேரம் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் இரண்டு சாவும் கிடந்தன. பிறகு கந்தையாவைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: வீட்டுக்காரி எங்கே என்று யாராவது கேட்டால், ஊருக்குப் போயிருக்கா, வந்துருவா என்கிறாராம். வட்டிலில் இரண்டு பேருக்குச் சோறு போட்டு வைக்கிறாராம்.

பத்திரப்படுத்தினவர்களும் வாய்தவறி ஒவ்வொன்றாகச் சொல்லிவிட, கார்த்திகை பிறப்பதற்குள் சொர்ணம்மா இல்லாமல் ஊர் காலியாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் கல்லில் வெட்டியிருந்த பேரை, ஏதோ வடக்கேயிருந்து வந்த பெரிய மனுஷி பேர் என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் தண்ணீர் பிடித்தார்கள். தபால்காரர் வீட்டுக்குள் வந்து சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, இது யாரு, உங்க மூத்த அக்காளா என்று தவசிமுத்துவிடம் கேட்டார். தவசிமுத்து தபாலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் அந்தப் பதினாறாம் நாளுக்குப் பிறகு மனைவி பேரை வாயால் சொன்னதே இல்லை. அரிசியைப் பற்றிப் பேசுவார், மோட்டாரைப் பற்றிப் பேசுவார், தூத்துக்குடி பஸ் நேரத்துக்கு வராததைப் பற்றிப் பேசுவார். அவரிடம் ஒரு ஆயுள் முழுக்க இருக்கிறது என்பது பூங்கோதைக்குத் தெரியும். ஊரிடமிருந்து வந்ததெல்லாம் வேலைக்குப் போன அம்மா. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அம்மா இந்த ஒரு மனுஷனுக்குள்ளேதான் இருந்தாள். ஒருநாள் மத்தியானம் அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டாள்.

தவசிமுத்து மீனைக் கீழே வைக்காமல் சொன்னார். "நீ ஊரையே வாங்கி வச்சிருக்க, தாயி. எங்கிட்ட இருக்கது எங்கிட்டயே இருக்கட்டும். அதுவும் போச்சுன்னா, இந்த வீட்ல நான் யாரு கூட இருந்தேன்னு எனக்கே தெரியாமப் போயிரும்."



மழை வலுத்த ஒரு முற்பகல். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிற செய்யது மீரானின் மருமகளுக்குக் குறித்த நாள் தாண்டி வலி வந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரசவ அறையில் பூட்டுத் தொங்கியது. யாரும் கெட்ட எண்ணத்தில் போட்ட பூட்டு இல்லை. அந்த அறை எதற்காக எப்போதும் திறந்திருக்கிறது, யாருமே இல்லாத நாளிலும் விளக்கு ஏன் எரிகிறது என்று புது டாக்டர் கேட்டிருக்கிறார், ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய ஆயாவுக்கும் தெரியவில்லை. அதனால் ஒழுகுகிற இடத்திலிருந்த மருந்துப் பெட்டிகளையும் உடைந்த கட்டில்களையும் அதற்குள் அடுக்கி, பத்திரமாகப் பூட்டிவிட்டு, நர்சை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். சாவியை வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். மீரானின் மருமகள் வராந்தாவின் ஈரத் தரையில், ஆட்டோக்காரரின் சட்டையை விரித்துப் போட்டுப் பெற்றாள். அவளைப் பிழைக்க வைத்து டவுனுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை அழவே இல்லை.

செய்தி கேட்டுப் பூங்கோதை மழையோடு நடந்து வந்தபோது ஆஸ்பத்திரி முற்றத்தில் கூட்டம் நின்றது. மீரான் தூணில் சாய்ந்து, வெள்ளைத் துணியில் சுற்றின அந்தச் சின்னப் பொட்டணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாருக்கும் கோபம் இல்லை. பூட்டின அறை பூட்டின அறைதானே, நேரம் சரியில்லை என்று ஆறுதலாகப் பேசிக்கொண்டார்கள். மீரானும் அதைத்தான் சொன்னார். ஊரே சேர்ந்து ஒருத்தியை மறந்துபோனதில், தங்களுக்கு ஒரு காலத்தில் என்ன கிடைத்திருந்தது என்பதையும் சேர்த்து மறந்திருந்தது. அந்தக் கதவைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் பூங்கோதை. ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து அது அவள் மடியில் இருந்தது, அவள் அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வராந்தாப் படியில் ஏறி நின்று சொல்ல ஆரம்பித்தாள். வண்டியையும், சேற்றையும், வண்டிக்குப் பக்கத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்த நர்சையும், பூட்டின கதவையும், வண்டிக்குள் அடங்கின சத்தத்தையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளை விட்டுப் போவது தெரிந்தது. பல் பிடுங்கின இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி, சொன்ன வாக்கியத்தை அவள் மனசு திரும்பிப் போய்த் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. சேற்றில் ஓடி வந்தவளின் முகம் கடைசியாக ஒருதரம் வண்டிப் பக்கம் திரும்பியது. அப்புறம் அதுவும் போனது. கடைசி வார்த்தைக்கு வந்தபோது, எதற்காக இந்தப் படியில் ஏறினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கூட்டத்தின் பின்வரிசையில் குடை இல்லாமல் நின்ற கந்தையா, பாரம் ஏற்றின வண்டி மாதிரி முன்னால் சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர் அவர்களை விலக்கிக்கொண்டு படி வரைக்கும் வந்தார். முகம் மழையில் நனைந்திருந்தாலும் அழுகிறார் என்பது தெரிந்தது.

"அந்த வண்டிய ஓட்டினது நான்தான்" என்றார்.

பிறகு பூங்கோதையைப் பார்த்து, "எறக்கி வச்சதத் திருப்பித் தூக்கி வச்சிட்டியே, தாயி" என்றார். அது வருத்தமா நன்றியா என்று அவளுக்குப் புரியவில்லை, அவருக்கும் புரிந்திருக்காது. அவர் கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தார். யாரும் தடுக்கவில்லை. பூட்டு உடைந்ததும், உள்ளே இருந்த கட்டில்களை ஒவ்வொன்றாக அவரே வெளியே இழுத்துப் போட ஆரம்பித்தார். மீரான் கையில் இருந்ததை மகனிடம் கொடுத்துவிட்டு அவருக்கு ஒரு கை பிடித்தார். இருட்டுவதற்கு முன்னால் அந்த அறையில் விளக்கு எரிந்தது.

மறுநாளிலிருந்து பூங்கோதை வீடு வீடாகப் போனாள். ஒரு காலத்தில் அவள் அம்மா போன அதே தெருக்கள். வாசலில் நின்று, "ஒங்க பொருள் ஒண்ணு எங்கிட்ட இருக்கு" என்பாள். சிலர் அழைத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டார்கள். ஞானதுரை கேட்டுவிட்டுத் தன் வலது உள்ளங்கையை மூடிக்கொண்டு வெகுநேரம் திறக்கவில்லை. பிச்சக்கனி பாதியிலேயே, "ஆளு இருந்தாளா? கூட ஆளு இருந்தாளா?" என்று கேட்டு, இருந்தாள் என்று தெரிந்ததும் கூடையைத் தள்ளிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டாள்.

வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவள் தெருவில் வருவதைப் பார்த்துக் கதவைச் சாத்தினவர்கள், ஜன்னலில் துணி அடைத்தவர்கள், எங்களை விட்டுவிடு என்று கும்பிட்டவர்கள். காதைப் பொத்திக்கொண்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தார்கள். அவள் மூடின கதவுக்கு முன்னால் நின்று, கதவிடமே சொல்லிவிட்டுப் போனாள். சொன்னது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அருணாசலவடிவுக்கு உரியதை அவள் பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னாள். அந்த நேரம் அவர் எங்கோ நெடுஞ்சாலையில் காரில் போய்க்கொண்டிருந்தாராம். காரை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி, பழையபடி சொர்ணமணியைத் திட்ட ஆரம்பித்தாராம். திட்டிக்கொண்டே அழுதார் என்று டிரைவர் சொன்னார். அந்தத் திட்டும் சொர்ணமணிக்குச் சேரவேண்டியதுதான் என்று பூங்கோதைக்குத் தோன்றியது.

ஊர் நிறைய நிறைய, அவள் வற்றினாள். ஒவ்வொரு வாசலிலும் அம்மா ஒருதரம் அவளைப் பார்த்துவிட்டுப் போனாள். தூக்கத்தில் இடுப்பு வலிப்பது நின்றது. வரப்பில் நடக்கிற நடையும் போய், பழையபடி பிளாட்பாரத்தில் நடக்கிற மாதிரி நடந்தாள். சாத்தன்துறையில் மறுபடி கிழவர்கள் கடற்கரையில் உதட்டை மூடிக்கொண்டு நடந்தார்கள்; இந்தத் தடவை யாரும் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. சொர்ணம்மா பேச்சு எழுந்தால் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்து அமர்த்தினார்கள். யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று அடுத்தவருக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதுவே போதும் என்று ஊர் இருந்துகொண்டது.

கடைசி வீட்டுக்குப் போய்விட்டு அவள் திரும்பி வந்தபோது உச்சிவேளை. தவசிமுத்து அடுக்களையில் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் வாசல்நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"எல்லாத்தையும் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேம்ப்பா."

"ஒனக்கு?"

"முன்னால இருந்தது இருக்கு."

அது எவ்வளவு என்று அந்த வீட்டில் அவளுக்கு அடுத்தபடியாகத் தெரிந்த ஆள் அவர்தான். தவசிமுத்து கொஞ்சநேரம் அரிசியைப் பார்த்தார். முறத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று புரிந்து அவள், வேண்டாம்ப்பா என்றாள். அவர் கையைக் காட்டி அவளை அமர்த்தினார்.

"நீ பொறந்து ஆறேழு மாசம் இருக்கும்" என்று அவர் ஆரம்பித்தார்.

விடிகிற நேரத்தில் சொர்ணம் உப்பளத்திலிருந்து பிரசவம் பார்த்துவிட்டு வருவாளாம். முழங்கால் வரைக்கும் உப்பு பூத்திருக்கும், சேலை முந்தியில் ரத்தம் இருக்கும். குளிக்காமல் பிள்ளையைத் தொடக் கூடாது, குளிக்கவும் போகமாட்டாள். கை தவறிக்கூடப் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, தொட்டிலுக்கு மேலே குனிந்து நிற்பாளாம். பிள்ளை தானாக முழிக்கிற வரைக்கும் அப்படியே நிற்பாளாம். அவர் காப்பியைப் போட்டு வைத்துக்கொண்டு, ஆறிப்போகுது வா என்று கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாள்.

"ஒருநாள் கேட்டேன், அப்படி என்னத்தப் பாக்கன்னு. அதுக்குச் சொல்லுதா, ஊருப் பிள்ளையெல்லாம் பூமிக்கு வரும்போது மொத ஆளா நான்தான் கையில வாங்குதேன், எம் பிள்ளைய மட்டும் எவளோ ஒருத்தி வாங்கினா, அத நெனச்சா எனக்கு ஆறவே மாட்டேங்குதுங்கா. அவ கண்ணுல அவ்வளவு பொறாமை. அப்பந்தான் நீ முழிச்ச. அவளப் பாத்துச்..."

பூங்கோதை அதைப் பார்த்தாள். கையில் காப்பி டம்ளர் சுட, அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். இந்த ஒன்றில் மட்டும் அம்மா அவளைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. உப்பு வெளுத்த கால்கள், பின்னால் கோத்து இறுகி நரம்பு தெரிந்த விரல்கள், தூக்கம் இல்லாத கண். அந்தக் கண் தொட்டிலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டிலில் ஒரு பிள்ளை கண்ணைத் திறந்து, மேலே கவிந்த முகத்தை அடையாளம் கண்டு சிரித்தது.

தவசிமுத்து பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். அவர் முகம் வழுவழுவென்று இருந்தது. சுவரோரம் இருந்த முறத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னமோ சொல்லிட்டு இருந்தேனே" என்றார்.

திருப்பிச் சொன்னால் அது அவரிடம் போய்விடும். இத்தனை வீட்டு வாசலில் செய்ததுதான். சொல்வதற்கு அவள் வாயைத் திறந்தாள். முதல் வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்பா எதிரே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார், தான் எதைக் கொடுத்தோம் என்றே தெரியாத முகத்தோடு.

"ஒண்ணுமில்லப்பா. சாப்பிடக் கூப்பிட்டீங்க" என்றாள்.

"இன்னும் ஒலையே வைக்கலியே, தாயி" என்றார் அவர், குழப்பத்தோடு.

"நான் வைக்கேன்" என்று எழுந்து, அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள்.